ஆங்கிலத்தின் ‘ரன்’: ஓடுவதும் ஓட்டுவதும்

மாலை நேரங்களில் வீட்டுத் திண்ணையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மொழிபெயர்ப்புப் பயிற்சியை எழுதிக்கொண்டு வந்தாள். ‘மை அங்கிள் ரன்ஸ் எ ஷாப்’ என்ற வரிக்கு எதிரே, “என் மாமா ஒரு கடையை ஓடுகிறார்” என்று அழகான கையெழுத்தில் இருந்தது. எழுதிய பிறகு அவளுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ‘ஓடுகிறார்’ என்பதன் அடியில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்திருந்தாள். “ரன் என்றால் ஓடுதானே டீச்சர்? அப்புறம் ஏன் இது தமிழாக வரவில்லை?” என்று கேட்டாள்.

கேள்வி சரியானது. அகராதி சொன்னதைத்தான் அவள் செய்தாள். ஆனால் ‘ரன்’ என்ற சொல்லைப் பற்றி நம்மிடையே உலவும் இரண்டு பேச்சுகளும் அவளுக்கு உதவாது. ‘ரன் என்றால் ஓடு’ என்பது ஒரு பேச்சு. அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. ‘ரன்னுக்கு அறுநூறு பொருள், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்’ என்பது இன்னொரு பேச்சு. அது பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது. பட்டியல் அச்சடித்துக் கொடுக்கும் வழக்கத்தின் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. இந்தச் சொல் வேலை செய்யும் முறை நம் தாய்மொழியிலேயே இருக்கிறது. அதைக் காட்டிவிட்டால் பட்டியல் தேவைப்படாது.

அறுநூறு என்ற எண் எங்கிருந்து வந்தது?

அந்த எண் கட்டுக்கதை அல்ல. ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்தபோது, அதில் மிக நீண்ட இடத்தைப் பிடித்த சொல் ‘செட்’. வினைச்சொல்லாக அதற்கு 430 பொருள்கள். பிறகு அகராதியைத் திருத்தி எழுதும் பணி தொடங்கியது. 2000இல் ‘மேக்’ முந்தியது, 2007இல் ‘புட்’ முந்தியது, 2011இல் ‘ரன்’ எல்லாவற்றையும் தாண்டியது. ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 645 பொருள்கள். அந்த ஒரு சொல்லைத் தொகுத்து முடிக்க அகராதியாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதங்கள் ஆயின.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. 1755இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், தன் முன்னுரையில் பிடிக்குள் அடங்காத சில வினைச்சொற்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அந்த வரிசையில் ‘ரன்’னும் இருக்கிறது.

ஆனால் 645 என்பது என்ன வகையான எண் என்று கேட்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி வரலாற்று அகராதி. வழக்கொழிந்துபோன பொருளும் அதில் உண்டு. ஒரு தொழிலாரிடம் மட்டும் வழங்கும் பொருளும் உண்டு. பொருளில் சிறிது நிறம் மாறினாலும் தனி எண் போட்டுவிடுவார்கள். ஒரு தார் வாழையைச் சீப்புச் சீப்பாக எண்ணலாம், பழம் பழமாகவும் எண்ணலாம். எண்ணிக்கை மாறும், தார் ஒன்றுதான். பள்ளி மாணவர் கையில் இருக்கும் சிறிய அகராதி அதே ‘ரன்’னைச் சீப்புகளாக எண்ணிச் சில பொருள்களோடு நிறுத்திக்கொள்கிறது. இரண்டும் சரியே.

நம் ‘ஓடு’ மட்டும் என்ன குறைச்சல்?

ஆங்கிலத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நீங்கள் இன்று காலையிலிருந்து பேசியதை நினைத்துப் பாருங்கள். பையன் ஓடுகிறான். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. நரம்பில் ரத்தம் ஓடுகிறது. இந்த வழியில் பஸ் ஓடுகிறதா என்று கேட்கிறோம். படம் நூறு நாள் ஓடியது என்கிறோம். கடை நன்றாக ஓடுகிறது. மின்விசிறி ஓடுகிறது. சுவரில் ஒரு விரிசல் ஓடுகிறது. புடவைக் கரையில் சரிகைக் கோடு ஓடுகிறது. மனத்தில் ஓர் எண்ணம் ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து வருடம் ஓடிவிட்டது.

இவற்றுள் கால்கொண்டு ஓடுவது பையன் மட்டும்தான். மற்ற எதற்கும் கால் இல்லை. விரிசல் நகர்வதுகூட இல்லை. ஆனாலும் எந்தத் தமிழருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. யாரும் இவற்றை மனப்பாடம் செய்யவும் இல்லை.

இப்படி ஒரே சொல் ஒன்றுக்கொன்று உறவுள்ள பல பொருள்களைத் தாங்கி நிற்பதைப் பலபொருள் ஒருசொல் என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். உறவு என்பது முக்கியம். கூரையில் வேயும் ஓடும் ஆமையின் ஓடும் எழுத்தில் அப்படியே ‘ஓடு’ போலத்தான் இருக்கின்றன. ஆனால் பையன் ஓடுவதற்கும் கூரை ஓட்டுக்கும் பொருளில் ஒட்டுறவு இல்லை. அவை வேறு சொற்கள், உருவம் மட்டும் ஒன்று. பையன் ஓடுவதற்கும் பஸ் ஓடுவதற்கும் உறவு இருக்கிறது. ‘ரன்’னின் பொருள்களும் அப்படித்தான். அவை ஒரே வீட்டில் பிறந்து வெவ்வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள்.

அடியில் இருக்கும் ஒரே படம்

அந்த வீடு எது? ஓடும் மனிதனைக் கூர்ந்து பார்த்தால் மூன்று செய்திகள் தெரியும். கால்கள் இயங்குகின்றன. வேகம் இருக்கிறது. அவன் ஒரு தடத்தில் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறான். சொல் வேறொரு பொருளின் மேல் ஏறும்போது முதலில் கால் கழன்றுவிடுகிறது. அடுத்து வேகமும் கழன்றுவிடலாம். எஞ்சுவது மூன்றாவதுதான்: நிற்காமல் ஒரு தடத்தில் தொடர்வது.

ஆற்றுக்குத் தடம் இருக்கிறது, தொடர்ச்சி இருக்கிறது. ‘தி ரிவர் ரன்ஸ்’. பஸ்ஸுக்குக் குறித்த வழி இருக்கிறது, நாள்தோறும் அது தொடர்கிறது. ‘தி பஸ் ரன்ஸ் எவ்ரி டென் மினிட்ஸ்’ என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு என்று பொருள். அந்தப் பஸ் இந்த நொடியில் பணிமனையில் நின்றுகொண்டிருந்தாலும் வாக்கியம் உண்மைதான். நாடகம் ஒன்று இரண்டு ஆண்டு ‘ரன்’ ஆனது என்றால் மேடையில் நிற்காமல் தொடர்ந்தது என்று பொருள். நம் படம் நூறு நாள் ஓடியதைப் போலவே.

‘தி ரோட் ரன்ஸ் அலாங் தி ரிவர்’ என்பது இன்னும் அழகானது. சாலை நகர்வதே இல்லை. அதன் மேல் நம் கண் நகர்கிறது. கண்ணின் ஓட்டத்தைச் சாலைக்குக் கொடுத்துவிடுகிறோம். “இந்தப் பாதை நேராகக் கோயிலுக்குப் போகிறது” என்று நாம் சொல்வதும் இதே வித்தைதான். பாதை எங்கேயும் போவதில்லை, கோயிலுக்குப் போவது நாம்.

பொருள் கொஞ்சம் விலகி நிற்கும் இடம் ஒன்று உண்டு. ‘தி வெல் ரேன் டிரை’ என்றால் கிணறு வற்றிவிட்டது. ‘ரன்னிங் லேட்’ என்றால் தாமதமாகிக்கொண்டிருக்கிறது. இங்கே ‘ரன்’னைத் தமிழின் ‘ஆகு’ என்பதோடு சேர்த்துப் பாருங்கள்: ஒன்று தொடர்ந்து போய், ஒரு நிலையை அடைகிறது. (‘ரேன்’ என்பது ‘ரன்’னின் இறந்தகால வடிவம், ‘வேன்’ என்று சொல்வதைப் போல உச்சரிக்க வேண்டும்.)

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். ‘ரன்’ என்பதன் அடியில் இருப்பது நிற்காமல் ஒரு தடத்தில் தொடர்தல் என்ற படம். கால், வேகம் ஆகியவை தேவைப்பட்டால் வரும், இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும். நம் ‘ஓடு’வும் இதே படத்தின் மேல்தான் நிற்கிறது.

கடையை ஏன் ஓட முடியாது?

இப்போது மாணவியின் பென்சில் கோட்டுக்கு வருவோம். கடை ஓடும் என்பது தமிழ்தான். மாமா கடையை ஓடுகிறார் என்பதுதான் தமிழ் இல்லை. ஏன்?

அவளுடைய அப்பா ரயில் ஓட்டுபவர். அதனால் அவளிடமே கேட்டேன்: “ரயில் என்ன செய்கிறது?” “ஓடுகிறது.” “அப்பா என்ன செய்கிறார்?” “ரயிலை ஓட்டுகிறார்.” அவள் ‘ஓடுகிறார்’ என்று சொல்லவில்லை. ஒரு ‘ட்’ கூடியிருக்கிறது. அந்த ஒற்றெழுத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

ஒருவர் தாமே செய்வதைச் சொல்லும் வினை தன்வினை. இன்னொன்றைச் செய்யவைப்பதைச் சொல்லும் வினை பிறவினை. ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. உருள், உருட்டு. தமிழ் வினையின் உடம்பிலேயே இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. செய்யவைக்கும்போது, எதை என்ற கேள்விக்கு விடையாக ஒரு சொல் வர வேண்டும்: ரயிலை, பந்தை, தொட்டிலை. அந்தச் சொல்லுக்குச் செயப்படுபொருள் என்று பெயர்.

இன்றைய ஆங்கிலத்தில் ‘ரன்’ என்பதற்கு அந்த ‘ட்’ இல்லை. ஓடினாலும் ‘ரன்’, ஓட்டினாலும் ‘ரன்’. ‘தி மெஷின் இஸ் ரன்னிங்’ என்றால் இயந்திரம் ஓடுகிறது. ‘ஷி இஸ் ரன்னிங் தி மெஷின்’ என்றால் அவள் இயந்திரத்தை ஓட்டுகிறாள். வேறுபாடு சொல்லில் இல்லை, சொல்லுக்குப் பின்னால் செயப்படுபொருள் நிற்கிறதா என்பதில் இருக்கிறது. ‘ரன்ஸ் எ ஷாப்’ என்பதில் கடை பின்னால் நிற்கிறது. ஆகவே மாமா ஓடவில்லை. கடை ஓடுகிறது, ஓடவைப்பவர் மாமா.

‘ரன் எ டெஸ்ட்’, ‘ரன் எ புரோகிராம்’, ‘ரன் எ ஸ்கூல்’, ‘ரன் எ கேம்ப்’ என்று அலுவலகத்திலும் செய்தியிலும் வருபவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு கதவு வழியாக உள்ளே வந்தவைதான். ஒன்றைத் தொடங்கிவைத்து, நிற்காமல் பார்த்துக்கொள்வது.

அப்படியானால் “மாமா கடையை ஓட்டுகிறார்” என்று எழுதலாமா? எழுதலாம், ஆனால் அதில் வேறு ஒரு வாசனை வருகிறது. “ஏதோ குடும்பத்தை ஓட்டுகிறேன்”, “காலத்தை ஓட்டுகிறேன்” என்று சொல்லும்போது தள்ளமுடியாத வண்டியைத் தள்ளுகிற களைப்பு தெரிகிறது அல்லவா? “கடையை ஓட்டிக்கொண்டிருக்கிறார்” என்றாலும் அந்தக் களைப்பு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தின் ‘ரன்ஸ் எ ஷாப்’ அப்படி எதையும் சொல்லவில்லை. அதற்குச் சரியான தமிழ் “மாமா கடை நடத்துகிறார்” என்பதுதான்.

‘நடத்து’ என்ற சொல்லை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். நட என்பதன் பிறவினை அது. ஆங்கிலேயர் கடையை ஓடவைக்கிறார். தமிழர் கடையை நடக்கவைக்கிறார். பள்ளியும் அப்படி, கூட்டமும் அப்படி, வழக்கும் அப்படி. கால்களின் இயக்கத்திலிருந்து நிர்வாகத்துக்கு ஒரு சொல்லைக் கொண்டுபோகும் வழி இரு மொழிக்கும் தெரிந்திருக்கிறது. வேகம் மட்டும் வேறு. இதைச் சொன்னபோது அந்த மாணவி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ரயிலை வைத்தே இன்னொரு நுணுக்கமும் சொல்லிவிடலாம். தமிழில் ‘ஓட்டு’ என்பதைப் பார்த்தவுடன் ‘ரன்’ போட்டுவிடக் கூடாது. அப்பா ரயிலை ஓட்டுகிறார் என்பதற்கு ஆங்கிலம் ‘டிரைவ்ஸ்’. ‘ரன்ஸ் தி டிரெயின்’ என்றால், அந்த ரயில் சேவையை இயக்குகிறவர் என்ற பொருள் வந்துவிடும். “பண்டிகைக்காகத் தெற்கு ரயில்வே சிறப்பு ரயில்களை இயக்குகிறது” என்று செய்தித்தாளில் வருகிறதே, அந்த இயக்குதல்தான் ‘ரன்’. ‘ரன் எ கார்’ என்பதும் பிரிட்டிஷ் வழக்கில் காரை ஓட்டுவதைக் குறிப்பதில்லை. பெட்ரோல், பழுது, காப்பீடு எல்லாம் பார்த்துக் காரை வைத்துக்கொள்வதைக் குறிக்கும்.

சுருக்கமாக: ‘ரன்’னுக்குப் பின்னால் செயப்படுபொருள் இல்லாவிட்டால் ஓடுவது எழுவாய். செயப்படுபொருள் இருந்தால், பெரும்பாலும் ஓடுவது அதுதான், எழுவாய் ஓடவைக்கிறது.

ஆங்கிலம் தொலைத்த ‘ட்’

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று ‘ரின்னன்’: ஓடு, நீர்போல் ஒழுகு என்று பொருள். எழுத்து இடம் மாறி ‘இர்னன்’ என்றும் வழங்கியது. மற்றொன்று ‘ஏர்னன்’: குதிரை முதலியவற்றை ஓட்டிச் செல், ஏறிச் செல் என்று பொருள். முதலாவது தன்வினை, இரண்டாவது ஒரு பிறவினை வடிவத்திலிருந்து வந்தது. நம் ஓடு, ஓட்டு போன்ற இணையேதான்.

காலப்போக்கில் ஒலிகள் தேய்ந்து, இரண்டும் ஒன்றாகக் கலந்து, இன்றைய ‘ரன்’ ஆகிவிட்டன. இரண்டு சொற்கள் சுமந்த பாரத்தை ஒன்றே சுமக்க வேண்டி வந்தது. அதன் பொருள்கள் இவ்வளவு பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மன் அந்தப் பிரிவை வேறு வகையில் வைத்திருக்கிறது. நீர் ஒழுக ‘ரின்னன்’, கால்கொண்டு ஓட ‘ரென்னன்’. இதைத் தெரிந்துகொண்டால் இன்னொரு குழப்பமும் தீர்கிறது. ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’ என்பதைக் கேட்டுப் பிள்ளைகள் விழிப்பார்கள், மூக்கு எப்படி ஓடும் என்று. ஒழுகுதல் என்ற பொருள் இந்தச் சொல்லில் பிற்காலத்தில் ஏறியது அல்ல, ஆதியிலேயே இருந்தது. மூக்கு ஒழுகுகிறது, அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் கொட்டினாலும் கண்ணீர் வழிந்தாலும் துணியில் சாயம் கசிந்து பரவினாலும் அதே ‘ரன்’.

ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொற்கள்

என் பக்கத்து வீட்டுப் பையன் படித்து முடித்து ஓர் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம் நடந்தது இது. ‘பிளீஸ் ரன் திஸ் பை தி மேனேஜர்’ என்று அவனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘ரன்’னைப் பார்த்ததும் அவசரம் என்று நினைத்துவிட்டான். அச்செடுத்துக்கொண்டு மாடிக்கு விரைந்து, மேலாளரின் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினான். மாலையில், “அவர் என்ன சொன்னார்?” என்று கேட்டார்கள். அவன் எதையும் கேட்டு வரவில்லை. ‘ரன் பை’ என்றால் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது. அன்று இரவு என் வீட்டுக்கு வந்து, “அக்கா, எனக்கு ஆங்கிலமே வராது போலிருக்கிறது” என்றான். அந்தச் சொல் என்னை வருத்தியது. அவனுக்குத் தெரியாமல் போனது ஆங்கிலம் அல்ல, ‘பை’ என்ற ஒரு சின்னச் சொல்.

ஒரு வினையோடு ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’, ‘டவுன்’ போன்ற சின்னச் சொல் ஒன்று சேர்ந்து, இரண்டும் ஒன்றாகப் புதுப்பொருள் தந்தால் அதை ஃப்ரேசல் வெர்ப் என்பார்கள். இங்கே கவனம் ‘ரன்’னின் மேல் இருக்கக் கூடாது, சின்னச் சொல்லின் மேல் இருக்க வேண்டும். ‘ரன்’ தருவது ஓட்டம்; திசையைத் தருவது சின்னச் சொல்.

‘அவுட்’ என்றால் வெளியே. பால் ஓடி ஓடி வெளியே போய்விட்டால்? தீர்ந்துவிட்டது. ‘தி மில்க் ஹேஸ் ரன் அவுட்’. இதையே ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்றும் சொல்லலாம். அப்போது எழுவாய் நாம், தீர்ந்தது பால். ‘இன்டு’ என்றால் ஒன்றுக்குள், ஒன்றின் மேல். ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர்’ என்றால் ஆசிரியரை எதிர்பாராமல் சந்தித்தேன். ‘தி கார் ரேன் இன்டு எ வால்’ என்றால் கார் சுவரில் மோதியது. தடத்தில் போய்க்கொண்டிருந்தபோது எதிரே ஒன்று வந்துவிட்டது என்பதுதான் இரண்டுக்கும் பொது. ‘ரன் த்ரூ’ என்றால் ஊடே ஓடிப் போவது. ஒரு கணக்கையோ உரையையோ முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்த்துவிடுவது. ‘ரன் டவுன்’ என்றால் கீழே, பேட்டரி இறங்கிவிட்டது. ‘ரன் அப் எ பில்’ என்றால் மேலே. கடன் ஏறிக்கொண்டே போகிறது. இறங்குவதும் ஏறுவதும் நம் பேச்சிலும் அப்படியே இருப்பதைப் பாருங்கள்.

தமிழுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ‘ஓடிவா’ என்று குழந்தையை அழைத்தால் சீக்கிரம் வா என்று பொருள். ‘ஓடிப்போய்விட்டாள்’ என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். ‘ஓடியாடி’ என்றால் சுறுசுறுப்பு. ‘ஓடி’ மாறவில்லை, பின்னால் சேர்ந்த சொல் பொருளை எங்கோ கொண்டுபோய்விட்டது.

பொருளைத் தேறுவது எப்படி?

கேட்பவர் எப்படி நொடியில் சரியான பொருளைப் பிடிக்கிறார்? இதற்கு நம்மிடம் மிகப் பழைய விடை இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருள் “வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்” தெளிவாகும் என்று வருகிறது. அது பெயர்ச்சொற்களுக்குச் சொன்னது. ‘மா பூத்தது’ என்றால் மாமரம், ‘மா ஓடிற்று’ என்றால் குதிரை என்று உடன்வந்த வினை காட்டிவிடும். வினையைப் பொருத்தவரை இதைத் திருப்பிப் பிடித்தால் போதும்: உடன்வந்த பெயர் வினையின் பொருளைக் காட்டும். ‘ரிவர்’ வந்தால் ‘ரன்’ பாய்கிறது. ‘நோஸ்’ வந்தால் ஒழுகுகிறது. ‘ஸ்கூல்’ பின்னால் வந்தால் நடத்துகிறது. சார்பு என்பது பேசும் சூழல். ‘வி ஆர் ரன்னிங் அவுட்’ என்று மட்டும் ஒருவர் சொன்னால் எது தீர்கிறது என்று சொல்லில் இல்லை. அவர் கையில் காலிப் பால் பாத்திரம் இருந்தால் தெரிந்துவிடும்.

அதனால்தான் தனிச்சொல்லாக ‘ரன்’னை மனப்பாடம் செய்வது வீண் என்கிறேன். சொல்லை அதன் துணையோடு சேர்த்துப் படியுங்கள்.

இரு மொழியும் பிரியும் இடங்கள்

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘ஷி இஸ் ரன்னிங் எ ஃபீவர்’ என்பதற்கு நாம் “காய்ச்சல் அடிக்கிறது” என்போம். தமிழ் கற்க வரும் ஆங்கிலேயர் காய்ச்சல் எப்படி அடிக்கும் என்று திகைப்பார். நாம் அது எப்படி ஓடும் என்று திகைக்கிறோம். ‘தி பேப்பர் ரேன் தி ஸ்டோரி’ என்றால் செய்தித்தாள் அந்தச் செய்தியை வெளியிட்டது. அச்சு இயந்திரம் ஓடுவதை மனத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது.

தேர்தல் இன்னும் வேடிக்கையானது. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் ‘ரன்’ ஆகிறார். பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ என்பதே வழக்கம். நாமும் தேர்தலில் நிற்கிறோம். ஓடினாலும் நின்றாலும் செயல் ஒன்றுதான்.

எதிர்த்திசையிலும் கவனம் தேவை. வீட்டில் டிவி ஓடுகிறது என்பதை ‘தி டிவி இஸ் ரன்னிங்’ என்று மாற்றினால் ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது, ‘ஆன்’ என்பார்கள். ‘எனக்கு ஒன்றுமே ஓடவில்லை’ என்று திகைப்பில் சொல்கிறோமே, அதற்கும் ‘ரன்’ உதவாது.

பெயர்ச்சொல்லாக வரும் ‘ரன்’ பற்றிச் சிறிது. கிரிக்கெட்டில் ஆட்டக்காரர்கள் இரு முனைக்கும் ஓடி எடுத்ததால் அது ரன்; தமிழில் ஓட்டம். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் யாரும் ஓடாமலே நான்கு ஓட்டம் கிடைக்கிறது. செயலின் பெயர் கணக்கின் அலகாக மாறிவிட்டது. வங்கி திவாலாகும் என்று பயந்து, வைப்புப் பணத்தை எடுக்க மக்கள் ஒரே நேரத்தில் திரள்வதும் ‘ரன்’. ‘டிரையல் ரன்’ என்பதற்கு மட்டும் தமிழில் பொன்போன்ற சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பது. அதையும் ‘ஓட்டம்’ என்றே நாம் அழைத்திருக்கிறோம். மின்னோட்டம், இரத்த ஓட்டம், எண்ண ஓட்டம், விமானத்தின் ஓடுபாதை என்று அந்த வேர் எங்கெல்லாம் போயிருக்கிறது!

சென்ற மாதம் அந்த மாணவி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். அவர் வேறு ஊரில் ரயிலை ஒப்படைத்துவிட்டு, ‘ரன்னிங் ரூமில்’ தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னாராம். ரயில்வேயில் ஓட்டுநர்களும் ரயில் மேலாளர்களும் (முன்பு கார்டுகள்) பணிக்கு இடையே ஓய்வெடுக்கும் அறைக்கு அதுதான் பெயர். ‘ரன்னிங்’ என்று எழுதிவைத்துவிட்டு அங்கே எல்லாரும் படுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “ஓடுவது ரயில் டீச்சர். ரயிலோடு போகிறவர்கள் ரன்னிங் ஆட்கள். அவர்களுக்கான அறை அது. சரிதானே?”